கீழ்வீட்டுச் சாட்சி

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அது கேட்டுவிடும்.

"வணக்கம் மெற்றில்டா. இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

"நல்லா இருக்கேம்மா. நீ நல்லா இருக்கியா?" என்பாள் மெற்றில்டா, வாய் நிறைய நுரையோடு.

கைப்பேசிக்குள்ளிருந்து வரும் குரலிடம் திருப்பி நலம் விசாரிக்கிற அளவுக்கு அவள் விவரம் கெட்டவள் அல்ல. தூத்துக்குடி புதுத்துறையில் தென்னைமர உயரத்துக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் கிரேன் ஓட்டுநர். ஆனாலும் ஒருத்தி மெனக்கெட்டு விசாரித்தால் நல்லா இருக்கேன் என்று சொல்வதும், நீ எப்படி என்று திருப்பிக் கேட்பதும்தான் முறை. கேட்பது மனுஷியா இயந்திரமா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

அவள் நல்லா இல்லை என்பதுதான் விஷயம். உள்ளங்காலில் கிளம்பும் சூடு உச்சந்தலை வரை ஏறும். நைட்டி தொப்பலாக நனையும். கட்டிலை விட்டுவிட்டு வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடப்பாள். விடிந்ததும் காரணமே இல்லாமல் அழுகை வரும், இல்லாவிட்டால் காரணமே இல்லாமல் கோபம் வரும். இரண்டும் வராத நாட்களில் மறதி வரும்.

இத்தனைக்கும் அவளுடைய இடது கையில் விதை இருந்தது. தோலுக்கடியில் அரிசியைவிடச் சற்றே பெரிய குச்சி. மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு சுரக்காமல் விட்டுவிடும் ஹார்மோன்களை, அந்தந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் பார்த்துப் பார்த்து ரத்தத்தில் விடும். ஒருத்தியின் அளவு இன்னொருத்திக்கு ஆகாது. அவளுக்கேகூட ஆனி மாதத்து அளவு ஐப்பசிக்கு ஆகாது. வெளிநாடுகளில் அதைப் போட்டுக்கொண்ட பெண்கள் பத்து வயது குறைந்த மாதிரி சைக்கிளில் சுற்றுவதாகக் கேள்வி. மெற்றில்டாவுக்கோ போட்டு ஒரு மழைக்காலமே போய்விட்டது. கைதான் அரித்தது, வேறு பலன் இல்லை.

இதையும் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்திருப்பாள். அந்தப் பெட்டி மட்டும் அந்தரத்தில் நிற்காமல் இருந்திருந்தால்.

புதுத்துறையில் ஆண்டு முழுக்க கிரேன்கள் தாமாகவே ஓடும். ஆனால் கச்சான் எழுந்துவிட்டால், அதாவது ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் அந்த முரட்டுக் காற்று வந்துவிட்டால், இயந்திரத்தின் கணக்கு தப்பிவிடும். அப்போது கூண்டில் ஆள் ஏற வேண்டும். அதற்காகவே வைத்திருந்த ஓட்டுநர்களில் ஒரே பெண் மெற்றில்டா. காற்று இல்லாத மாதங்களிலும் கை மறக்காமல் இருக்க அவர்களை ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏறிய ஒரு நாள், கப்பலுக்கு நேர் மேலே பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது, அவளுக்குத் தலை வெறுமையாகிவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டிருக்கிறேனா, இறக்கிக்கொண்டிருக்கிறேனா? ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம்தான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கேமரா பார்த்துவிட்டது.

"கச்சான் தொடங்கும்போது மறுபடி ஒரு சோதனை வைப்போம்மா" என்றார் பாதுகாப்பு அதிகாரி ஞானசிகாமணி. நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். "அதுல தேறிட்டா கூண்டு. இல்லன்னா ஆபீஸ்ல ஒரு மேசை போட்டுத் தாரோம்."

மேசை! அந்தக் கூண்டில் உட்கார்ந்தால்தான் அவள் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய அம்மாவும் இல்லை. கடலும் காற்றும் அவளுமாக இருப்பாள். அதை விட்டுவிட்டுக் கீழே வந்து மின்விசிறிக்கடியில் உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

விதையைப் போட்டுவிட்ட டாக்டர் ஃபரீதாவிடம் போய், "இத எடுத்துருங்க, இந்த மருந்து எனக்குக் கேக்கல" என்றாள். துணைக்குக் கணவர் ஹெர்பர்ட்டும் வந்திருந்தார்.

ஃபரீதா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"விதை உங்க ரத்தத்தைப் பாக்கும், சூட்டைப் பாக்கும். ஆனா எது உங்களுக்கு நல்ல நாள், எது கெட்ட நாள்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்ற பதிலை வச்சுத்தான் கத்துக்கும். காலைல கேக்குதே, என்ன சொல்றீங்க?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுவேன்."

"உறங்காத நாள்ல?"

"நல்லா இருக்கேன்னுதான்."

"அழுத நாள்ல?"

மெற்றில்டா சேலைத் தலைப்பைத் திருகினாள். "பரவாயில்லன்னு சொல்லியிருப்பேன்."

"போச்சு போங்க! அது என்ன கத்துக்கிட்டிருக்கு தெரியுமா? இந்தப் பொம்பளைக்கு உறக்கமில்லாம வேர்த்துக் கொட்டுனாத்தான் சுகம். அவ சுகமா இருக்கா, மருந்து எதுக்குன்னு குறைச்சுக் குறைச்சு இப்ப கிட்டத்தட்ட நிப்பாட்டியே வச்சிருக்கு." ஃபரீதாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "நீங்க மட்டும் இல்ல. என்கிட்ட வர்ற எல்லாரும் இப்படித்தான். வெளிநாட்டுல இதைச் செஞ்சவங்க, கேட்டா பதில் சொல்லிருவாங்கன்னு நம்பிட்டாங்க. நம்ம ஊருல ஒருத்தங்க அதுகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டிருக்காங்க."

அந்த ஒருத்தி தான் அல்ல என்று மெற்றில்டாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து உண்மை பேசுவதென்று முடிவு செய்தாள். அதுதான் எவ்வளவு கஷ்டம்! குரல் கேட்டதும் நாக்கு தானாக நல்லா என்று தொடங்கியது. பிடித்து நிறுத்தி, "கொஞ்சம் உறக்கம் இல்ல, மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றாள். அந்த ஒண்ணும் இல்லைக்குள் முந்தின இரவு முழுவதும் இருந்தது. பிறகு ஒரு நாள் ஆத்திரத்தில், "செத்துக்கிட்டு இருக்கேன், போதுமா?" என்று கத்திவிட்டாள். விதை பயந்துபோய் அளவைக் கூட்டிவிட்டது. மார்பு கனத்து, தலை விண்ணென்று தெறித்து, ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள்.

"உங்களை அளக்க உங்களால முடியல" என்றார் ஃபரீதா. "பக்கத்துல இருந்து பாக்கிற வேற ஒரு ஆள் சொல்லட்டும். அந்தப் பதிலை விதைக்குக் குடுப்போம்."

ஹெர்பர்ட் முன்வந்தார். ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், அன்பான மனுஷன், மனைவியைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நம்பிக்கை வேறு. மெற்றில்டா மாவுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டே தோசை வார்த்த காலையில், "உற்சாகமா தோசை சுட்டா" என்று பதிவு செய்தார். அவள் தரையில் படுத்துக் கிடந்த இரவுகளுக்கெல்லாம் "நல்ல உறக்கம்" என்றார். உறங்கியது அவர்.

ஃபரீதா அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். "இவங்களைக் கண்கொத்திப் பாம்பா கவனிக்கிற ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

ஹெர்பர்ட் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க மதினி இருக்காவ. இவ மாடில தும்முனா அவ்வோளுக்குக் கீழ்வீட்டுல தெரிஞ்சிரும்."

"அந்தப் பொம்பளையா?" என்று மெற்றில்டா எழுந்தே விட்டாள்.

அமலோற்பவம் ஹெர்பர்ட்டின் இறந்துபோன அண்ணனின் மனைவி, மெற்றில்டாவுக்கு ஓரகத்தி. ஒரே வீடு, அவளுக்குக் கீழ்த்தளம், இவர்களுக்கு மேல்தளம், நடுவில் ஒரு படிக்கட்டு. மெற்றில்டா கிரேன் வேலைக்குச் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் நிறைந்த ஒரு ஞானஸ்நான விருந்தில், "வீட்டைப் பாக்காம ஆகாசத்துல போயி உக்காந்திருக்கா" என்று அமலோற்பவம் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்வதானால்கூடக் கீழே ஒருத்தி பூனையிடம் சொல்வாள், மேலே இன்னொருத்தி காக்காயிடம் பதில் சொல்வாள்.

"என் உடம்பப் பத்தி அவ சாட்சி சொல்லணுமா? என்னைய வேவு பாக்கதுக்கு நானே போயி ஆள் வைக்கணுமா?" மெற்றில்டா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "என் வேல போகணும்னு காத்துக்கிட்டிருக்கவ, டாக்டர். அவ வாயிலயா என் வேல இருக்கு?"

"கட்டாயம் இல்ல" என்றார் ஃபரீதா. "உங்க அந்தரங்கம். நீங்க வேண்டாம்னா வேண்டாம். ஆனா ஒண்ணு கேக்கிறேன். அவங்க பொய் சொல்வாங்களா?"

மெற்றில்டா யோசித்தாள். அந்தப் பொம்பளை அகங்காரி, வாயாடி. ஆனால் பொய்? அந்த விருந்தில் சொன்னதைக்கூட முகத்துக்கு நேராகத்தான் சொன்னாள்.

அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது, தூரத்தில் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. மேற்கேயிருந்து புழுதி வாடையோடு ஒரு காற்று வந்து அவள் கையிலிருந்த தலையணை உறையைப் பறித்துக்கொண்டு போனது. கச்சான் வரப்போகிறது. மெற்றில்டா படியிறங்கினாள்.

அமலோற்பவம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏ பூன, மேல்வீட்டுக்காரி எதுக்கு வந்து நிக்கான்னு கேளு."

பூனை கேட்கவில்லை. மெற்றில்டா தானாகவே சொன்னாள். சூட்டை, உறக்கமின்மையை, அந்தரத்தில் நின்ற பெட்டியை, வரப்போகும் சோதனையை. சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம்தான். ஆனால் தொடங்கியதும் நிறுத்த முடியாமல் வந்துகொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தப் பொம்பளையிடம் போய் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று அவமானமாகவும் இருந்தது.

அமலோற்பவம் மீனின் செதில்களை வழித்து எறிந்தாள். "நான் இருக்கத இருக்கபடிதான் சொல்லுவேன். உனக்காவக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் மெற்றில்டா.

அமலோற்பவத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கைப்பேசியில் பேசுவதானால் எதிர்முனையில் இருப்பவர் நடுக்கடலில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு பேசுவாள். அதனால் அவள் சாட்சி சொன்னதெல்லாம் விதைக்குப் போவதற்கு முன்பே மாடிக்கு வந்துவிட்டது. முதல் நாளே மெற்றில்டா காப்பித் தம்ளரோடு படியில் உறைந்து நின்றாள்.

"எப்படி இருக்காளா? கேடு கெட்டு இருக்கா. ராத்திரி பூரா குழாயத் தொறந்து மூஞ்சி கழுவிக்கிட்டே இருந்தா. குக்கர வச்சிட்டு மறந்துட்டா, விசிலு அது பாட்டுக்குக் கத்துது. காலைல மீன்காரி சொன்ன வெலைக்கு மறுபேச்சு பேசாம வாங்கிட்டுப் போறா. மெற்றில்டா பேரம் பேசலன்னா அவளுக்கு ஒடம்புக்குச் சுத்தமா முடியலன்னு அர்த்தம். எழுதிக்கோ!"

மெற்றில்டாவுக்கு ரத்தம் கொதித்தது. கோபத்தில் தம்ளரை நங்கென்று வைத்தாள். "இப்ப தம்ளரப் போட்டு ஒடைக்கா" என்று கீழிருந்து உடனே தகவல் போனது.

ஆனால் அதில் பொய் ஒன்றுகூட இல்லை. அதுதான் அவளை இறங்கிப் போய்ச் சண்டை போட விடாமல் தடுத்தது. படி ஏறும்போது எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினாள், எந்த நாள் சேலையை மாற்றி மாற்றிக் கட்டினாள், வேளாங்கண்ணியில் படிக்கும் மகனிடம் தொலைபேசியில் பேசிவிட்டு எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்பதெல்லாம் அந்தப் பொம்பளைக்குத் தெரிந்திருந்தது. ஹெர்பர்ட் இருபது வருடம் பக்கத்தில் படுத்தும் பார்க்காததை, அவள் கீழ்வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்டிருந்தாள்.

விதை கற்றுக்கொண்டது. கொஞ்சம் கூட்டியது, கீழிருந்து "தலைய பிடிச்சிக்கிட்டு இருக்கா" என்று வந்ததும் கொஞ்சம் தணித்தது. இரவில் ஏற்றி, பகலில் இறக்கி, அவளுக்கு மட்டுமே பொருந்தும் அளவு ஒன்றைத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தது. முதலில் சூடு அடங்கியது. பிறகு ஒரு நாள் கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில் நின்றது. இரவு எங்கே போனது என்றே தெரியவில்லை. உறங்கியிருக்கிறோம் என்று புரிந்ததும் மெற்றில்டா கட்டிலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மீன்காரியிடம் விளைமீனுக்கு அவள் பேசிய பேரத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. "ஆங், இப்பத்தான் மனுஷி!" என்று கீழே கைப்பேசியில் ஒரு குரல் கொக்கரித்தது.

இன்னொரு காலை, சோதனைக்குச் சற்று முன்பு, அமலோற்பவத்தின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்து ஒலித்தது. மெற்றில்டா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காது கொடுத்தாள்.

"பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பாத்திரம் கழுவுனா. மாதா பாட்டு. அவ பாடிக் கேட்டு ரெண்டு வருசம் இருக்கும்." பிறகு, "சுருதி சேரல. அதையும் எழுதிக்கோ."

மெற்றில்டாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த அழுகைக்குக் காரணம் இருந்தது.

சோதனை நாளன்று கச்சான் தன் முழு வீம்போடு வந்திருந்தது. கொடிகள் கிழிந்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டன. தானியங்கிக் கிரேன்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. துறையோரக் கட்டையில் கயிற்றால் கட்டிய கப்பல் ஏறி ஏறி இறங்கியது. மெற்றில்டா கூண்டில் ஏறி வார்ப்பட்டையை மாட்டினாள். பின்னால் ஞானசிகாமணி நின்றார், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

பெட்டியின் நாலு மூலையையும் கவ்விக்கொள்ளும் இரும்புச் சட்டத்தை இறக்கினாள், கவ்வினாள், தூக்கினாள். கப்பலின் விளிம்பைத் தாண்டும்போது காற்று பெட்டியை அறைந்தது. பெட்டி ஊஞ்சலாகக் கடல் பக்கம் வீசியது. ஞானசிகாமணி "மாதாவே" என்றார். அவர் வைணவர்.

மெற்றில்டா அந்த வெறுமைக்காகக் காத்திருந்தாள். இப்போதுதான் வரும், இந்த இடத்தில்தான் வந்தது. வரவில்லை. தலைக்குள் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. ஆடும் பெட்டியை எதிர்த்து இழுக்கக் கூடாது, அது போகிற பக்கமே கூடப் போய், அதன் வேகம் அடங்குகிற இடத்தில் அதற்கு நேர் மேலே போய் நிற்க வேண்டும். கை தானாகப் போனது. கயிறுகள் நேரானதும் பெட்டி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக நின்றது. இட்லிப் பானைக்குள் தட்டை இறக்குவதுபோல் அதை லாரியின் மேல் இறக்கினாள். சத்தமே இல்லை.

கீழே நின்ற ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் காற்றில் எறிந்தார்கள். கச்சான் அவற்றைக் கொண்டுபோய்க் கடலில் போட்டது.

"அடுத்த பெட்டி?" என்று கேட்டாள் மெற்றில்டா.

"சோதனை ஒரு பெட்டிதாம்மா" என்றார் ஞானசிகாமணி.

"கப்பல் நிறைய இருக்குல்லா? காத்து இப்பத்தானே நல்லா அடிக்கு." கப்பலைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஃபரீதா மற்ற பெண்களுக்கும் இதையே செய்தார். உங்களைப் பற்றிச் சொல்ல யாரை வைக்கலாம் என்று கேட்டால், ஒருத்திகூடக் கணவரின் பெயரைச் சொல்லவில்லை. நாத்தனாரைச் சொன்னார்கள், பக்கத்து வீட்டுக்காரியைச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் எதிர்மேசையில் உட்காருகிறவளைச் சொன்னார்கள். சில வீடுகளில் சண்டை வெடித்தது. ஒரு மாமியார் மருமகளின் சாட்சியை எதிர்த்து எதிர்சாட்சி சொல்லப் புறப்பட்டார். நம் சுகம் இன்னொருவர் பார்த்துச் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா என்று சிலர் மறுத்தார்கள், அவர்களை ஃபரீதா வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் உறங்கத் தொடங்கினார்கள்.

ஆடி முடிகிற சமயத்தில் ஒரு நாள் கீழே பேச்சுக் கேட்டது.

"ஏ பூன, அந்த விதைய என் வயசுக்கும் போடுவாவளான்னு மேல கேளு."

மெற்றில்டா காக்காயைத் தேடவில்லை. நேராக இறங்கிப் போய்க் கூட்டிக்கொண்டு போனாள். ஃபரீதா ரத்தம் எடுத்து, நெஞ்சு பார்த்து, போடலாம் என்றார். சாட்சிக்கு யார் என்று கேட்டபோது அமலோற்பவம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேற யாரு, இவதான்" என்றாள்.

மெற்றில்டாவுக்குப் பகீரென்றது. எனக்கு என்ன தெரியும் இவளைப் பற்றி? இத்தனை வருடம் முகம் கொடுத்துப் பார்த்ததில்லையே!

மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது அது கேட்டது.

"வணக்கம் மெற்றில்டா. அமலோற்பவம் எப்படி இருக்கிறார்?"

மெற்றில்டா தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்காவுக்கு உறக்கம் கிடையாது. கோழி கூவுமுன்ன எந்திரிச்சு விளக்கு போடாம செபமாலை சொல்லுவா. முழங்கால் வலின்னா இடது கையச் சுவத்துல ஊனி நடப்பா, நேத்து ஊனிக்கிட்டுதான் நடந்தா. குழம்புல உப்பு கூடிருச்சு, வாசத்துலயே தெரியும். பூனைய அதிகமா ஏசுனான்னா மனசு சரியில்லன்னு அர்த்தம். நேத்து ஏசுனா. அவ புருசன் செத்ததுல இருந்து, அவரு செத்த மாசத்துல மட்டும் ஏசுவா, எல்லா வருசமும்."

சொல்லி முடித்துவிட்டு மெற்றில்டா திகைத்து நின்றாள். இதையெல்லாம் எப்போது பார்த்தாள்? எப்போது கேட்டாள்? மேலே இருந்துகொண்டு அவளும் இத்தனை வருடம் அதையேதான் செய்திருக்கிறாள்.

"நன்றி" என்றது குரல். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், மெற்றில்டா?"

"அத ஏன் என்கிட்ட கேக்க? கீழ்வீட்டுல கேளு."

கீழே அமலோற்பவத்தின் கைப்பேசி கிணுகிணுத்தது. மெற்றில்டா பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்றைக்கு என்ன குறையைப் பிடித்திருக்கிறாளோ? நடுக்கடலுக்குக் கேட்கும் குரலில் பதில் வந்தது.

"நல்லா இருக்கா!"